பெரும்போகத்தோடு வந்த காய்ச்சல்

இலங்கையின் உலர் வலயத்தில் ஐப்பசி மழையோடு பெரும்போகம் தொடங்குகிறது. குளத்தில் நீர் ஏற ஏற உழவும் விதைப்பும் நடக்கும். மார்கழியில் களை எடுக்க வேண்டும், பசளை இட வேண்டும், முறை வரும் நாளில் வயலுக்கு நீர் கட்ட வேண்டும். மாசி, பங்குனியில் அரிவி வெட்டு. ஓர் ஆண்டுக்குரிய சோறும் பழைய கடனை அடைக்கும் பணமும் இந்த ஐந்தாறு மாதங்களில்தான் விளைந்தாக வேண்டும். மலேரியாவும் இதே மழையை நம்பித்தான் இருந்தது. மழைக்குப் பின் நுளம்பு பெருகி, மார்கழியிலிருந்து மாசி வரை காய்ச்சல் உச்சத்தில் நிற்கும். அனுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் வன்னியிலும் உழவர் வீடுகள் தலைமுறை தலைமுறையாகத் தலை நிமிர முடியாமற் போனதற்கு இந்தக் காலப் பொருத்தம் ஒரு பெரிய காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

மலேரியாவால் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு நட்டம் என்று கேட்டால் வழக்கமாக ஒரு கணக்குச் சொல்வார்கள். மருந்துச் செலவு, வைத்தியசாலைக்குப் போய்வரும் பஸ் காசு, அதனுடன் படுத்துக் கிடந்த நாள்களை நாட்கூலியால் பெருக்கி வரும் தொகை. ஆலைத் தொழிலாளிக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். உழவருக்குப் பொருந்தாது. ஆவணியில் அவர் ஒரு வாரம் படுத்துக் கிடந்தால் வேலி அடைக்கும் வேலை தள்ளிப்போகும், அவ்வளவுதான். மார்கழியில் அதே ஒரு வாரம் படுத்தால் களை நெல்லை முந்திவிடும். இரண்டையும் ஒரே கூலியால் பெருக்கும் கணக்கு உழவரின் நாளைப் பற்றி எதுவும் அறியாத கணக்கு.

காய்ச்சலின் போக்கையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இலங்கையில் பெரும்பாலான நோயாளிகளிடம் இருந்தது வைவாக்ஸ் என்ற வகை. முதலில் பல் கிட்டிக்கும் குளிர், பிறகு உடல் கொதிக்கும் சூடு, பிறகு பாயை நனைக்கும் வியர்வை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் இது திரும்பும்; பழைய மருத்துவத்தில் இதை முறைக்காய்ச்சல் என்றார்கள். இடைப்பட்ட நாளில் ஆள் எழுந்து நடமாடுவார், மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்கும் போவார். பதிவேட்டில் அது வேலை செய்த நாள். உண்மையில் வரப்பில் பாதி நேரம் உட்கார்ந்திருந்த நாள். காய்ச்சல் நின்ற பிறகும் இரத்தச் சோகையும் அயர்ச்சியும் வாரக்கணக்கில் நீடிக்கும். இந்த வகைக் கிருமி கல்லீரலில் ஒளிந்திருந்து பல மாதங்கள் கழித்து, நுளம்பு கடிக்காமலே மறுபடியும் காய்ச்சலைக் கிளப்பக்கூடியது. ஒளிந்திருப்பதை அழிக்க பிரைமாகுயின் மாத்திரையை நாள்கணக்கில் விடாமல் எடுக்க வேண்டும். குளோரோகுயின் காய்ச்சலை அடக்கியதும் நீர்முறை தவறிவிடும் என்று வயலுக்கு ஓடுகிறவரிடம் மிச்ச மாத்திரைகளின் முக்கியத்துவம் எடுபடாமற் போவது புரிந்துகொள்ளக்கூடியதே.

மகாவலி ஆற்று நீரை உலர் வலயத்துக்குத் திருப்பிய மகாவலித் திட்டத்தில் குடியேறிய ஒரு குடும்பத்தை மனத்தில் எண்ணிக்கொள்வோம். இரண்டரை ஏக்கர் வயல், அரை ஏக்கர் வீட்டுத் தோட்டம். திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வழங்கப்பட்ட அளவு அதுதான். விதைத்து ஐந்தாம் வாரம் தகப்பனுக்குக் காய்ச்சல். இலங்கையில் அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் வைத்தியசாலை தொலைவில் இருக்கிறது. நடுங்குகிறவரைத் தனியே அனுப்ப முடியாது. தாயும் கூடப் போகிறாள். விரலில் குத்தி இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசி, முடிவு வரும்வரை காத்திருந்து வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. ஒருவர் நோய்ப்பட்டதால் இரண்டு பேரின் வேலை போயிற்று. தம்பியைப் பார்த்துக்கொள்ள மூத்த மகள் பள்ளிக்கூடம் போகவில்லை. அந்த வாரம்தான் பசளை இட்டிருக்க வேண்டும்.

ஒருவர் படுத்தால் அயலார் கைகொடுப்பார்கள். மாறி மாறி ஒருவர் வயலில் மற்றவர் உழைக்கும் வழக்கம் எல்லா நெல் ஊர்களிலும் இருந்தது. கால் முறிந்தாலோ பாம்பு தீண்டினாலோ அந்த உதவி கிடைக்கும். மலேரியா ஊர் முழுவதும் பரவும்போது அயல்வீட்டுத் திண்ணையிலும் ஒருவர் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருக்கிறார். மாறு உழைப்பு நின்றுபோகிறது. கூலிக்கு ஆள் தேடினால், நலமாக இருக்கும் சிலரை எல்லாரும் கூப்பிடுவதால் கூலி ஏறுகிறது. கடன் கேட்கப் போகும் உறவினரும் அதே வாரம் அதே கடனைத் தேடிக்கொண்டிருக்கிறார். கடைசியில் நெல் வியாபாரியிடம் முற்பணம் வாங்க வேண்டியதுதான். அறுவடையானதும் களத்திலிருந்தே அவருக்கு நெல்லை அளந்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. அறுவடை நேரத்தில் நெல் விலை ஆண்டிலேயே மிகத் தாழ்ந்திருக்கும். இரண்டு மாதம் சேமித்து வைத்து விற்கும் வாய்ப்பு அந்தக் காய்ச்சலோடு போய்விட்டது. தாயின் காதணியும் அடகுக் கடைக்குப் போயிருக்கலாம். அடுத்து வரும் இரண்டாம் போகமான சிறுபோகத்தில் விதைநெல்லுக்குப் பணமில்லாமல் வயலை மற்றவருக்குக் குத்தகைக்கு விட்டு, தன் சொந்த வயலிலேயே தகப்பன் கூலிக்கு இறங்கும் நிலை வரலாம். குடியேற்ற நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ சட்டம் இடந்தரவில்லை. எழுத்தில் இல்லாத ஏற்பாடாக அது நடந்துகொண்டே இருந்தது.

இந்த வீட்டில் மருந்துச் செலவு என்று எழுத ஒன்றுமில்லை. இழந்தவை எல்லாம் வேறு தலைப்புகளில் கிடக்கின்றன: வட்டி, தாழ்ந்த விலை, மெலிந்த பயிர், மகள் விட்ட வகுப்புகள். ஆய்வாளர் அறுவடை முடிந்து வந்து கேட்டால், வயல் ஏறக்குறைய விளைந்துதான் இருக்கும். ஏனெனில் தாயும் பிள்ளைகளும் தகப்பனின் வேலையைத் தங்கள் தலைமேல் போட்டுக்கொண்டார்கள். விளைச்சல் குறையாததைப் பார்த்து மலேரியாவின் தாக்கம் சிறிதென்று எழுதியவர்கள் உண்டு. அது ஒரு பெண்ணின் உறக்கத்தையும் ஒரு சிறுமியின் படிப்பையும் இலவசமாகக் கொள்ளும் முடிவு. என்னால் அதை ஏற்க முடியவில்லை.

சேனைப்பயிர் செய்கிறவர்களின் நிலை இன்னும் கடினம். காட்டை வெட்டி எரித்துக் குரக்கனும் சோளமும் எள்ளும் போடும் அந்த நிலத்தில், கதிர் முற்றும் காலத்தில் யானையும் காட்டுப்பன்றியும் வரும். இரவு முழுவதும் காவல் இருந்தாக வேண்டும். காவற் கொட்டிலுக்குச் சுவர் கிடையாது. கூரையும் நான்கு காலும்தான். மலேரியா ஒழிப்பின் முதன்மை ஆயுதமோ வீட்டுச் சுவரில் மருந்து தெளிப்பது. இரவில் கடித்துவிட்டுச் சுவரில் அமரும் நுளம்பு அந்த மருந்தில் சாகும். சுவரே இல்லாத இடத்தில் எதன்மேல் தெளிப்பது? காவலை விட்டால் பயிர் போகும், காவலுக்குப் போனால் காய்ச்சல் வரும்.

இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய அனோபிலிஸ் குலிசிபேசிஸ் நுளம்பு ஓடும் ஆற்றில் முட்டையிடாது. மழைக்காலம் முடிந்தோ மழையே தவறியோ ஆறு வற்றி, மணலிலும் பாறை இடுக்கிலும் தேங்கி நிற்கும் தெளிந்த நீரே அதற்குப் பிடித்தது. ஆகவே மழை தவறும் ஆண்டில் உழவருக்கு இரண்டு அடி விழும்: பயிர் வாடும், ஆற்றுப் படுகையில் நுளம்பும் பெருகும். 1934-இல் நடந்தது அதுதான். அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. என்றும் நீரோடும் மகா ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகள் குட்டை குட்டையாக நின்றன. மலேரியாவுக்குப் பழகாத கேகாலை, குருநாகல் பகுதிகளில் ஆண்டின் இறுதியில் காய்ச்சல் வெடித்தது. உலகப் பெருமந்தத்தால் தேங்காய், றப்பர் விலைகள் ஏற்கெனவே விழுந்து, சிறு தோட்டக்காரர்களும் கூலிகளும் அரை வயிற்றோடு இருந்த நேரம் அது. 1935 முடிவதற்குள் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் ஒரு வயதைக் காணவில்லை.

கிருமி எல்லாரையும் தொட்டது. சாவு உணவில்லாத வீடுகளைத் தேடிப் போயிற்று. நிவாரணத்துக்குச் சென்ற இடதுசாரி இளைஞர்கள் கொயினா மருந்தோடு உணவையும் எடுத்துப் போனது அதனால்தான். அவர்களில் பலர் சேர்ந்து 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டுத் தேர்தலில் என். எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனவும் ருவன்வெல்ல, அவிசாவளைத் தொகுதிகளில் வென்று அரசாங்க சபைக்குப் போனார்கள். கொள்ளைநோய் தாக்கிய மக்கள் அவர்களை மறந்திருக்கவில்லை.

உலர் வலயத்தின் கதை வேறு மாதிரியானது. அங்கே மலேரியா ஒரு பருவத்து விபத்தாக இல்லாமல் நிலத்தின் விலையையே தீர்மானித்தது. பெருங்குளங்களும் வாய்க்கால்களும் இருந்த பூமி நூற்றாண்டுகளாகக் காடேறிக் கிடந்தது. ஈரவலயத்தில் காணிக்கு நெருக்கடி. இங்கே ஆளில்லாத நிலம். 1930களில் அன்றைய விவசாய அமைச்சர் டி. எஸ். சேனநாயக்க மின்னேரியாக் குளத்தை அண்டிக் குடியேற்றம் தொடங்கியபோது அங்கே போக ஆள் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது, காய்ச்சலுக்கு அஞ்சினார்கள். 1940களின் நடுவில் டி.டி.டி. என்ற பூச்சிமருந்தின் தெளிப்பு வந்தபின் நிலைமை தலைகீழாக மாறியது. 1946-இல் ஆயிரத்துக்கு 20-ஐ ஒட்டியிருந்த நாட்டின் இறப்பு வீதம் அடுத்த ஆண்டே 14-ஐ ஒட்டி இறங்கியது. அதில் மருந்துத் தெளிப்பின் பங்கு எவ்வளவு, உணவு வழங்கலின், மருத்துவ வசதிகளின் பங்கு எவ்வளவு என்று மக்கள்தொகை அறிஞர்கள் நெடுநாள் வாதிட்டார்கள். உலர் வலயத்தில் மனிதர் குடியிருந்து உழ முடியும் என்ற நிலையை உண்டாக்கியதில் தெளிப்புக்குப் பெரும் பங்கு உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தக் குடியேற்றங்கள் யாருக்குக் காணி கொடுத்தன, யாருக்குக் கொடுக்கவில்லை என்ற கேள்வி இலங்கை அரசியலின் ஆறாத புண். அது தனியே எழுதப்பட வேண்டியது.

1963-இல் நாடு முழுவதும் பதிவான நோயாளிகள் 17 பேர். தெளிப்பு நின்றது, கண்காணிப்புத் தளர்ந்தது. எலஹெரப் பகுதியில் மாணிக்கக்கல் தோண்டிய குழிகளில் மழைநீர் தேங்கி நுளம்பு பெருகியது. பல ஊர்களிலிருந்து வந்து தோண்டியவர்கள் கிருமியைத் தத்தம் ஊருக்குக் கொண்டு போனார்கள். 1969-இல் நோயாளிகள் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. ஆறே ஆண்டுகள். 1980களில், மகாவலிக் குடியேற்றங்கள் பெருகிய காலத்தில், மறுபடியும் ஒரு பெரும் அலை. ஈரவலயத்திலிருந்து புதுக்காணிக்கு வந்தவர்களின் உடலுக்கு இந்தக் காய்ச்சல் புதிது. காடு வெட்டி, வீடு கட்டி, முதல் விளைச்சலைக் காணவேண்டிய ஆண்டிலேயே அது அவர்களைப் பிடித்தது. கையிருப்பு எதுவும் இல்லாத முதலாண்டில் விழுந்த கடன் பல வீடுகளில் பிறகு எழவே விடவில்லை.

வன்னித் தமிழருக்கும் இது அந்நியக் கதையன்று. 1977-இல் தமிழர்மீது நடந்த வன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து குடியேறிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், குளிர் மலையில் மலேரியாவை அறியாதிருந்தவர்கள். காணியில்லாமல் பிறர் வயலில் கூலிக்கு இறங்கிய அவர்களுக்கு வேலைக்குப் போகாத நாள் உலை வைக்காத நாள். 1995-இல் யாழ்ப்பாணத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் வன்னிக்கு இடம்பெயர்ந்து மரத்தடியிலும் கொட்டிலிலும் தங்கியபோது மறுபடியும் அதே துயரம். 1990களின் பிற்பகுதியில் நாட்டின் நோயாளிகளில் பெரும்பங்கு போர் நடந்த வடக்குக் கிழக்கு மாவட்டங்களில்தான். அந்த நிலையிலும் இரு தரப்பின் எல்லைகளையும் கடந்து மலேரியாத் தடுப்பு ஊழியர்கள் வேலை செய்தார்கள். தெளிப்பான் தோளில் தொங்க, சோதனைச் சாவடிகளைத் தாண்டி வீடு வீடாகப் போன அந்த மனிதர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

பிள்ளைகளின் படிப்பு மேலோட்டமாகத் தொட்டுப் போகக்கூடிய விடயமன்று. கதிர்காமத்தைச் சூழ்ந்த ஊர்களின் பள்ளி மாணவரிடையே கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த ஆய்வில், காய்ச்சல் கண்ட தடவைகள் கூடக்கூட மொழியிலும் கணிதத்திலும் மதிப்பெண்கள் குறைந்தது தெரிந்தது. பள்ளிக்கு வராத நாள்கள் மட்டும் இதற்குக் காரணமாகத் தோன்றவில்லை. திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல் கற்கும் ஆற்றலையே தேய்க்கிறது. தகப்பனின் கடன் இரண்டு போகத்தில் அடைபடலாம். ஐந்தாம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு வயலை விட்டு வேறு வேலைக்குப் போகும் வழியே அடைபட்டுவிடுகிறது.

நாடுகளின் அளவில் இதை அளக்க முயன்றவர்களில் புகழ்பெற்றவர்கள் பொருளியலாளர்களான ஜான் கேலப்பும் ஜெஃப்ரி சாக்ஸும். 1965 முதல் 1990 வரை மலேரியா கடுமையாக இருந்த நாடுகளில் தனிநபர் வருமான வளர்ச்சி ஆண்டுக்கு 1.3 சதவீதப் புள்ளி குறைவு என்று 2001-இல் எழுதினார்கள். வறுமையால் மலேரியா வந்ததா, மலேரியாவால் வறுமை வந்ததா என்ற சிக்கலை அந்தக் கணக்கு அவிழ்க்கவில்லை என்ற விமர்சனம் நியாயமானதே. வேறு வழியில் போனவர்களுக்கும் ஒரே விடை கிடைக்கவில்லை. மலேரியா ஒழிந்தபோது பிறந்த பெண்களின் பள்ளி ஆண்டுகள் கூடியதாக இலங்கை, பராகுவே தரவுகளிலிருந்து காட்டினார் ஏட்ரியன் லூகஸ். இந்தியாவின் 1950களைப் பார்த்த மற்றோர் ஆய்வில் படிப்பில் தெளிவான முன்னேற்றம் தெரியவில்லை. ஆண்களின் பிற்கால வாழ்க்கைத்தரத்தில் சிறு உயர்வு மட்டும் தெரிந்தது.

உழவர் வீட்டுக்கு நெருக்கமான சான்று சாம்பியாவிலிருந்து வந்தது. அங்கே பருத்தி பயிரிடும் சிறு விவசாயிகளில் குலுக்கல் முறையில் தெரிவானவர்களுக்கு மருந்தூட்டிய நுளம்பு வலைகள் இலவசமாகக் கிடைத்தன. குந்தர் ஃபிங்கும் ஃபெலிக்ஸ் மசியேயும் கணக்கிட்டபோது, வலை கிடைத்த குடும்பத்தின் விளைச்சல் மதிப்பு சராசரியாக 76 டாலர், அதாவது ஏறக்குறைய 15 சதவீதம் கூடியிருந்தது. நிலம் அதே நிலம், விதை அதே விதை. நைஜீரியாவின் ஒரு கரும்புத் தோட்டத்தில் நடந்த ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. வெட்டிய அளவுக்குக் கூலி பெறும் தொழிலாளர்களுக்கு மலேரியாச் சோதனையும் சிகிச்சையும் அளித்ததும் அடுத்த வாரங்களில் வருமானம் சுமார் 10 சதவீதம் ஏறியது. கிருமி இல்லை என்று சோதனையில் தெரிந்தவர்களின் வருமானமும் ஏறியது! உடம்பைப் பற்றிய ஐயம் நீங்கியதும் அவர்கள் இலேசான, கூலி குறைந்த வேலையை விட்டுக் கரும்பு வெட்டும் கடின வேலையை எடுத்துக்கொண்டார்கள். காய்ச்சல் வந்துவிடுமோ என்ற பயம் மட்டுமே உழைப்பைச் சுருக்கிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. உலர் வலயத்துக்குப் போக மறுத்தவர்களிடமும் வேலை செய்தது இந்தப் பயந்தான்.

ஆப்பிரிக்காவையும் இலங்கையையும் ஒரே தராசில் நிறுக்கவும் கூடாது. ஓயாமல் மலேரியா பரவும் ஆப்பிரிக்க ஊர்களில் வளர்ந்தவர்களின் உடலில் ஓரளவு எதிர்ப்பு உண்டு. சாவு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் குவிகிறது. 2023-இல் உலகம் முழுவதும் மலேரியாவால் இறந்ததாக மதிப்பிடப்படும் 5,97,000 பேரில் 95 சதவீதம் ஆப்பிரிக்கப் பிராந்தியத்தில். இலங்கையிலோ விட்டு விட்டு வந்ததால் எதிர்ப்பு வளரவில்லை. உழைக்கும் வயதினரே விழுந்தார்கள். நீர்ப்பாசனத்தின் விளைவும் எங்கும் ஒன்றன்று. தான்சானியாவின் கீழ் மோஷியில் நெல் ஊர்களில் நுளம்பு அதிகம், மலேரியாவோ பக்கத்து வறண்ட ஊர்களைவிடக் குறைவு. நெல் தந்த வருமானத்தில் வலையும் மருந்தும் வாங்க முடிந்தது காரணமாகச் சொல்லப்படுகிறது. அனுராதபுர மாவட்டத்தில் யான் ஓயா வழியாக ஹுருலுவெவ நீர்த்தேக்கத்துக்கு வரும் நீரை எப்போது, எவ்வளவு திறப்பது என்று திட்டமிட்டால் படுகையில் குட்டை தேங்காமலே தடுக்கலாம் என்று 1990களில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த நீர் கடைசியில் பாசனத்துக்கே போகிறது, வீணாவதில்லை. மதகைத் திறப்பவரும் மலேரியா ஊழியரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும் என்ற அளவுக்கு எளிய யோசனை.

இலங்கையில் உள்ளூரிலேயே பரவிவந்த கிருமி தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில் பதிவானார். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதென்று அறிவித்தது. பெரும்போகத்தில் இப்போது அந்தக் காய்ச்சல் வருவதில்லை. முப்பது வயதுக்குட்பட்ட பல உழவர்கள் அந்த நடுக்கத்தைக் கண்டதே இல்லை. அதே 2016 இறுதியில் மன்னாரில் புதிய நுளம்பு ஒன்று பிடிபட்டது: அனோபிலிஸ் ஸ்டீஃபன்சி. சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுதான். வற்றிய ஆற்றுக்காக இது காத்திருக்காது. வீட்டுக் கிணறே போதும். கிணறுகளில் குடம்பி (நுளம்பின் புழுப்பருவம்) தின்னும் மீன்கள் விடப்பட்டன. நோயுள்ள நாடுகளிலிருந்து வருகிறவர்களின் இரத்தம் சோதிக்கப்படுகிறது. மன்னாரில் ஒரு கிணற்றை எட்டிப் பார்த்து, குடம்பி இல்லை என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடக்கும் ஊழியரின் சம்பளத்துக்கு ஈடாக எந்த விளைச்சலும் கணக்கில் ஏறாது. 1963-க்குப் பின் தளரவிடப்பட்டதும் இப்படிப்பட்ட வேலைதான்.